கொரியக் கோட்டை முற்றுகை பற்றி ஒரு குறுநாவல்: மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிவிடுகிறார்கள், உதவி தேவை

கரிசல்குருவி

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலையை இந்த மழைக்காலத்தில் தொடங்கிவிட்டேன். 1637 குளிர்காலத்தில் கொரிய அரசர் இஞ்சோ நம்ஹான் மலைக்கோட்டைக்குள் 47 நாள் அடைபட்டுக் கிடந்தாரே, அந்தக் கதை. கொரிய சீரியல்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்களுக்கு ஜோசொன் (அன்றைய கொரிய நாட்டின் பெயர்) அரசவை புதிதில்லை. இந்தப் போரைப் பற்றித்தான் தமிழில் நான் ஒன்றும் படித்ததில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கொரியாவுக்கு வடக்கே வாழ்ந்த மஞ்சு இனத்தாரின் தலைவன் ஹோங் தைஜி 1636இல் தன்னைப் பேரரசன் என்று அறிவித்து, நாட்டுக்குச் சிங் என்று பெயர் வைத்தான். ஜோசொன் காலங்காலமாகச் சீனாவின் மிங் பேரரசைத்தான் தலைமையாக ஏற்றிருந்தது. 1627இல் மஞ்சுக்கள் ஒருமுறை படையெடுத்து வந்து, 'நாங்கள் அண்ணன், நீங்கள் தம்பி' என்று ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த முறை அண்ணன் தம்பி போதாது, அரசன் அடியான் என்று மாற்று என்றார்கள். ஜோசொன் மறுத்தது.

வட எல்லையில் ஓடும் அம்னோக் ஆறு உறைந்ததும் குதிரைப்படை அதன்மேல் நடந்து வந்தது. வழியில் மலைக்கோட்டைகளில் காத்திருந்த படைகளை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னணிப்படை ஒரு வாரத்துக்குள் தலைநகர் ஹன்யாங்கின் வாசலுக்கு வந்துவிட்டது. அரச குடும்பத்துப் பெண்களும் இளைய இளவரசர்களும் முன்னதாகவே கங்ஹ்வா தீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் புறப்பட்ட அரசருக்கு அந்த வழி அடைபட்டுப்போனது. திரும்பி நம்ஹான் கோட்டைக்கு ஓடினார். உள்ளே சுமார் 13,000 வீரர்கள், ஏறக்குறைய 50 நாளைக்குச் சாப்பாடு.

என் கதை முழுக்க இரண்டு அமைச்சர்களின் சண்டை. கிம் சாங்-ஹொன் செத்தாலும் பணியக்கூடாது என்கிறார். சோய் மியோங்-கில் முதலில் உயிர் பிழைப்போம், மானத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். சோய் எழுதிய சரணடைவுக் கடிதத்தைக் கிம் கிழித்துப்போட, சோய் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார் என்பது நடந்த சம்பவம். இதைவிட நாடகம் என்ன வேண்டும்? ஆனால் முதல் வாசகனான என் நண்பன் மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டான். ஒரு பத்தி போடுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

"மாமன்னா! மானமிழந்து வாழும் நாடு நாடல்ல, சுடுகாடு! இம்மடலில் தங்கள் திருக்கரம் முத்திரை பதிக்குமுன் இந்த ஏழையின் சிரம் மண்ணில் உருளட்டும்!" என்று கர்ஜித்த கிம் சாங்-ஹொன், கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தெறிந்தார்.

எதிர்க்கட்சி

பின்னணியில் இடி இடித்ததா?

பழையபுத்தகம்

கரிசல், எதிர்க்கட்சியின் கிண்டலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது கொரியாவும் இல்லை, தமிழும் இல்லை. பழைய நாடகக் கம்பெனி வசனம். கிம் சாங்-ஹொன் அப்போது 66, 67 வயதுக் கிழவர். தீ மூட்டியும் குளிர் விடாத அறையில், பட்டினியில், பக்கத்தில் ஒரு எழுத்தர் ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துக்கொண்டிருக்கும்போது பேசுகிறார். கர்ஜிக்க மாட்டார். அழுதிருப்பார். அழுதுகொண்டே கிழித்தார் என்றுதான் குறிப்புகளிலும் வருகிறது.

இன்னொன்று. ஜோசொன் அதிகாரி அரசரிடம் பேசும்போது தன்னை 'ஷின்' என்று சொல்லிக்கொள்வார். நம் 'அடியேன்' மாதிரி வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு எழுத்தின் மேல்தான் கோட்டைக்குள் கடைசி நாட்களில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஹோங் தைஜிக்கு அனுப்பும் கடிதத்தில் இஞ்சோ தன்னை 'ஜோசொன் அரசன்' என்று எழுதுவதா, 'ஷின்' என்று எழுதுவதா? கடைசியில் 'ஷின்' என்று எழுதினார்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் பக்கத்திலிருந்தே அமைச்சர், காவலாளி, சமையல்காரன் எல்லாரும் அரசரிடம் சாதாரணமாக 'அடியேன்' சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வாசகருக்கு அது காதில் விழாத அளவுக்குப் பழகிவிட வேண்டும். பிறகு ஒருநாள் அரசரின் தூரிகை அந்தச் சொல்லை எழுதும். அதற்கு ஒரு ஆச்சரியக்குறி கூட வேண்டாம்.

கரிசல்குருவி

ஐயா, இதற்காகவே இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை. 'மாமன்னா' எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன்.

அடுப்படி

தம்பி, நீ எனக்குத் தனியாக அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தேன். வீரன் ஒருவன் சுட்ட உருளைக்கிழங்கைப் பாதியாகப் பிய்த்து நண்பனுக்குக் கொடுக்கிறான், தொட்டுக்கொள்ளச் சிவந்த கிம்ச்சி. மனசைத் தொடுகிற காட்சிதான். ஆனால் உருளைக்கிழங்கு கொரியாவுக்கு வந்தது 1820களில். சர்க்கரைவள்ளிக் கிழங்கே 1763இல் ஜப்பானின் சுஷிமா தீவிலிருந்து ஒரு தூதர் கொண்டுவந்ததுதான். மிளகாய் உன் கதைக்குக் கொஞ்சம் முன்னால் நாட்டுக்குள் நுழைந்துவிட்டது, ஆனால் கிம்ச்சியைச் சிவப்பாக்க அதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆகும். 1637இல் கிம்ச்சி என்றால் உப்பில் ஊறிய முள்ளங்கி, வெளுத்த நிறத்தில்.

கோட்டைக்குள் இருந்தது அரிசியும் தினை மாதிரியான சிறுதானியங்களும், சாடி சாடியாகச் சோயா விழுதும். முதலில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்தார்கள், பிறகு அளவைக் குறைத்தார்கள், அப்புறம் மறுபடியும் குறைத்தார்கள். மனிதனுக்கு முன்னால் குதிரைக்குத்தான் தீனி தீர்ந்தது. வைக்கோல் இல்லை. செத்த குதிரையை வீரர்கள் தின்றார்கள். இதை யோசித்துப் பார். குதிரை இறைச்சி கிடைத்த நாளில் முகாமில் கொஞ்சம் சந்தோஷம் கூட இருந்திருக்கும், ஆனால் நாளைக்குக் கோட்டையை விட்டுப் போக ஒரு வாகனம் குறைந்தது. உன் இரண்டு அமைச்சர்களும் மூன்று அத்தியாயம் பேசுவதை ஒரு எலும்புச் சூப்பு சொல்லிவிடும்.

கோட்டைக்கு வெளியே, மலைக்கு ஓடிப்போன ஜனங்களுக்கு அதுவும் இல்லை. பைன் மரத்தின் வெளிப்பட்டையைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் மெல்லிய தோலை உரித்து, ஊறவைத்து இடித்து, கைப்பிடி மாவு இருந்தால் கலந்து கஞ்சியாக்குவார்கள். அதைத் தின்றால் மலம் கல்லாகிவிடும். கொரிய மொழியில் கொடிய வறுமையைக் 'கிழிந்துபோகிற வறுமை' என்பார்கள். எது கிழிகிறது என்பதற்கு இந்தப் பட்டைக்கஞ்சியைத்தான் காரணமாகச் சொல்லுவார்கள். உன் நாவலில் யாருமே வெளிக்குப் போவதில்லை, கவனித்தாயா?

எதிர்க்கட்சி

அக்கா சொன்னது சரி. நான் இன்னொரு கேள்வி கேட்கிறேன். எதற்கு 1637? கொரியப் போர் எழுத வேண்டுமென்றால் 1950 இருக்கிறது. அதில் நமக்கே ஒரு ஆள் இருக்கிறார். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆற்காட்டுக்காரர், இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவர். 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கும்போது இவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வரவும் மனமில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, தாங்களே கரி போட்டு ஓட்டி, பாலம் தகர்க்கப்படுமுன் தப்பித்தார்கள். மகாவீர் சக்ரா வாங்கியவர். இதை விட்டுவிட்டு யாரோ ஒரு ராஜா குளிரில் நடுங்கியதை எழுதுவானேன்?

கரிசல்குருவி

ரங்கராஜ் கதைக்குத் தனி நாவலே எழுதலாம், நீங்களே எழுதுங்கள், முதல் பிரதியை நான் வாங்குகிறேன். எனக்கு 1637 பிடித்த காரணம் அதில் வெற்றி என்று ஒன்றுமே இல்லாததுதான். கடல்வீரர் யி சுன்-சின் மாதிரி ஒருவர் கூட இல்லை. தோற்றுப்போனவர்கள் அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள் என்பது.

எதிர்க்கட்சி

அப்படியானால் உங்கள் நாவல் சரணடையும் நாளோடு ஏன் முடிகிறது?

சியோல்வாசி

இழையை இப்போதுதான் பார்த்தேன். வேலை நிமித்தம் ஆறு வருடமாகச் சியோலில் இருக்கிறேன். நம்ஹான் கோட்டைக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். மெட்ரோ 8ஆம் தடத்தில் சான்சொங் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால் கோட்டைக்குள்ளேயே விட்டுவிடுவான். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு கூட்டம் அதிகம். நிறைய பேர் மலையேறிவிட்டு உள்ளே இருக்கும் கடைகளில் கோழி சாப்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள்.

ஜனவரியில் ஒருமுறை மதில்மேல் நின்று போன் எடுக்கக் கையுறையைக் கழற்றினேன். ஐந்து நிமிடத்தில் விரல் என்னுடையதாக இல்லை. என்னிடம் நல்ல கோட்டு இருந்தது. அன்றைக்குக் காவலுக்கு நின்றவர்களில் நிறைய பேருக்குப் பருத்தித் துணிகூட ஒழுங்காக இல்லை. ஒருநாள் பனியோடு மழையும் கலந்து பெய்து வீரர்கள் நனைந்துவிட, விறைத்துச் செத்துவிடுவார்களே என்று அரசரும் பட்டத்து இளவரசரும் முற்றத்தில் நின்று வானத்தை வேண்டிக்கொண்டார்கள். அரசர் தம் படைக்குச் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான்.

அரசர் வந்த மறுநாள் விடியலில் எப்படியாவது கங்ஹ்வா தீவுக்குப் போய்விடலாம் என்று மறுபடி கிளம்பினார். பாதை பனிக்கட்டியாக இருந்ததால் குதிரை நகரவில்லை. இறங்கி நடந்து பார்த்தார். முடியாமல் திரும்பிவிட்டார். அங்கே ஊர்க்கதை ஒன்று உண்டு. சொ ஹுன்-நாம் என்ற கீழ்க்குடி ஆள், அரசரை முதுகில் சுமந்து கோட்டைக்கு ஏற்றினானாம். என்ன வேண்டும் கேள் என்றபோது, நீங்கள் போட்டிருக்கும் அங்கியைக் கொடுங்கள் என்றானாம். பிச்சைக்காரன் வேடத்தில் முற்றுகையைத் தாண்டி வெளியே சேதி கொண்டுபோனதும் அவன்தான் என்பார்கள். முதுகில் சுமந்தது கட்டுக்கதையாகவே இருக்கலாம், ஆனால் அவன் பெயரில் கல்லறைக்கல் அங்கே இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

வடக்கு வாசலில் ஒரு விஷயம். பிரதம அமைச்சர் கிம் ரியு கட்டாயப்படுத்தி அந்த வாசல் வழியாக வீரர்களை இறங்கித் தாக்கச் சொன்னார். சுமார் 300 பேர் போனார்கள், ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள். பிற்காலத்தில் அந்த வாசலுக்கு வைத்த பெயர் ஜொன்சுங்முன். 'முழு வெற்றி வாசல்' என்று பொருள்.

பழையபுத்தகம்

இந்தப் பெயரை நாவலில் விளக்காமல் விட்டுவிடுங்கள். கொரியா போய்ப் பார்த்தவர்கள் மட்டும் பல்லைக் கடிக்கட்டும்.

தேதி பற்றி ஒரு சின்னத் திருத்தம். 1636ஆம் வருடப் போர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அவர்கள் நாட்காட்டியில் அது பியோங்ஜா வருடத்தின் பன்னிரண்டாம் மாதம் என்பதால். நம் கணக்கில் அரசர் கோட்டைக்குள் நுழைந்தது 1637 ஜனவரி 9, சரணடைந்தது பிப்ரவரி 24. நீங்கள் 1637 என்று எழுதியது சரிதான். வேறு இடத்தில் 1636 என்று பார்த்துவிட்டு வந்து யாராவது சண்டை போடுவார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

சியோல்வாசி

சரணடைந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசரைத் தெற்கு வாசல் வழியாக வர விடவில்லை. நீல உடை உடுத்தி, சின்னதான மேற்கு வாசல் வழியாக இறங்கி, ஹான் ஆற்றங்கரையில் சாம்ஜொன்டோ துறையில் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை வணங்கினார். இரண்டு வருடம் கழித்து அங்கேயே சிங் பேரரசனைப் புகழ்ந்து ஒரு கல் நடவேண்டியதாயிற்று. முன்பக்கம் மஞ்சு, மங்கோலிய மொழிகள், பின்பக்கம் சீனம். அந்தக் கல்லை 1895இல் கொரியர்கள் சாய்த்தார்கள். 1917இல் ஜப்பானியர்கள் மறுபடி நிறுத்தினார்கள். 1956இல் கொரிய அரசாங்கமே புதைத்தது. 1963இல் ஒரு வெள்ளம் வந்து வெளியே தள்ளிவிட்டது! 2007இல் யாரோ சிவப்புப் பெயிண்ட் அடித்தார். இப்போது சொக்சொன் ஏரிக்கரையில், 123 மாடி லோட்டே கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆமை வடிவப் பீடத்தின் மேல் கல். பக்கத்திலேயே கல் இல்லாமல் இன்னொரு சின்ன ஆமை. பெரிய கல் வேண்டும் என்று சிங் தரப்பு கேட்டதால் முதலில் செய்த பீடம் வீணாகிவிட்டது என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சும்மா நிற்கும் ஆமையைத்தான் பிடிக்கும்.

தேன்கூடு

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த நாவலில் பெண் ஒருத்தி கூட இல்லையா? இழையிலும் இதுவரை 'ராஜகுடும்பத்துப் பெண்கள் தீவுக்குப் போனார்கள்' என்பதோடு சரி. அந்தத் தீவில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

நம்ஹான் கோட்டை பணிவதற்கு முன்பே கங்ஹ்வா விழுந்துவிட்டது. காவல் பொறுப்பில் இருந்தவர் கிம் கியோங்-ஜிங், அந்தப் பிரதம அமைச்சரின் மகன். கடல் இருக்கிறதே என்ற தைரியத்தில் குடித்துக்கொண்டிருந்தார், எதிரி வந்ததும் படகேறி ஓடிவிட்டார். கிம் சாங்-ஹொன்னின் அண்ணன் கிம் சாங்-யோங் வெடிமருந்தின் மேல் அமர்ந்து தீ வைத்துக்கொண்டு செத்தார். பெண்கள் பலர் தூக்கிட்டும் கடலில் குதித்தும் செத்தார்கள். அவர்களுக்கெல்லாம் பிற்காலத்தில் பாராட்டு கிடைத்தது. சாகாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மஞ்சுப் படை திரும்பும்போது ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனது. ஐந்து லட்சம் என்று சோய் மியோங்-கில்லே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, இருந்தாலும் ஊர் ஊராகக் காலியானது நிஜம். சிங் தலைநகரான ஷென்யாங்கில் சந்தை கூடியது. பணம் கொடுத்தால் உங்கள் ஆளை மீட்டுக்கொண்டு போகலாம். முதலில் விலை ஏழை எட்டிப்பிடிக்கும்படி இருந்தது. பிறகு இதே பிரதம அமைச்சர் கிம் ரியு, தன் மகளை மீட்டுக்கொடுத்தால் ஆயிரம் நியாங் வெள்ளி தருகிறேன் என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிட்டார். அப்புறம் விலை இறங்குமா? நூறு நியாங்குக்கு மேல் யாரும் கொடுக்கக்கூடாது என்று வரம்பு கேட்டவர் சோய்.

மீண்டு வந்த பெண்களுக்கு 'ஹ்வான்ஹியாங்-ன்யோ' என்று பெயர். ஊர் திரும்பிய பெண் என்று மட்டும்தான் அர்த்தம். அது வசையாகிவிட்டது. 1638இல் ஜாங் யு என்ற பெரிய மனிதர், மீண்டு வந்த மருமகளோடு மகன் வாழ முடியாது, அவள் கையால் மூதாதையருக்குப் படையல் வைக்க முடியாது, மணமுறிவுக்கு அனுமதி கொடுங்கள் என்று மனுப் போட்டார். அதே சமயம் ஹான் இ-கியொம் என்ற அப்பா, மீண்டு வந்த என் மகளைத் தள்ளிவைத்துவிட்டு மருமகன் வேறு கல்யாணம் செய்யப்போகிறான் என்று அழுதுகொண்டு மனுப் போட்டார். இரண்டு மனுவும் ஒரே மேஜையில். மணமுறிவு கூடாது, அனுமதித்தால் இனி யாரும் தன் வீட்டுப் பெண்ணை மீட்கப் போகமாட்டான், ஆயிரக்கணக்கானவர்கள் அந்நிய மண்ணிலேயே சாவார்கள் என்று வாதாடியவர் சோய் மியோங்-கில். அரசரும் அப்போது அதை ஒத்துக்கொண்டார். ஆனாலும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேறு கல்யாணம் செய்துகொண்டார்கள். இதை எழுதிவைத்த வரலாற்று எழுத்தர், நாட்டின் ஒழுக்கத்தையே கெடுத்தவர் என்று சோயைத்தான் திட்டி எழுதியிருக்கிறார்.

ஹோங்ஜே ஓடையில் குளித்துவிட்டு வந்தால் களங்கம் போய்விட்டது என்று அரசர் ஆணையிட்டதாக ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. அரச ஆவணங்களில் அது கிடையாது. ஜனங்கள் ஏன் அப்படி ஒரு கதையைக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரிசல், உங்கள் கதை கிழிந்த கடிதத்தில் இல்லை. சாத்திய வாசலுக்கு வெளியே நிற்கிறது.

கரிசல்குருவி

இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதவில்லை. ஆறு அத்தியாயத்தையும் தூக்கிப்போட்டுவிடலாம் போலிருக்கிறது.

எதிர்க்கட்சி

நில்லுங்கள். இப்போது எல்லாரும் 'ராஜா வேண்டாம், சாதாரண மக்கள் கதை' என்று எழுதுகிறார்கள். அதுவும் ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. தேன்கூடு சொன்னதை மறுபடி படியுங்கள். அந்தப் பெண்களுக்காக அரசவையில் வாய் திறந்தது யார்? உங்கள் நாவலில் பயந்தாங்கொள்ளியாக வருகிற அதே சோய். கோட்டைக்குள் 'பிழைக்க வேண்டும்' என்று சொன்னவன், வெளியே வந்தபிறகும் 'பிழைத்தவர்களை வாழவிடுங்கள்' என்று சொன்னான். அந்த ஆளுக்கு அது ஒரே வாதம். அதை வெட்டினால் நாவலுக்கு முதுகெலும்பு போய்விடும்.

அதோடு, கோட்டையில் வீரம் பேசியவர்கள் எல்லாரும் போலி என்று எழுதிவிடாதீர்கள். சமாதானம் கூடாது என்றதற்காக மூன்று அதிகாரிகளை ஷென்யாங்குக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். சொன்னதற்குத் தங்கள் உயிரைத்தான் கொடுத்தார்கள்.

பழையபுத்தகம்

எதிர்க்கட்சி முதல்முறையாக ஆளுங்கட்சி மாதிரிப் பேசியிருக்கிறார், வழிமொழிகிறேன். சேர்த்துக்கொள்ள ஒன்று. சில வருடம் கழித்துக் கிம் சாங்-ஹொன்னையும் சிங் தரப்பு ஷென்யாங் சிறைக்கு இழுத்துப்போனது. பிறகு, மிங் தரப்போடு ரகசியத் தொடர்பு வைத்ததற்காகச் சோயையும் பிடித்துப்போனார்கள். கிழித்தவரும் ஒட்டியவரும் ஒரே சிறையில், ஒருவருக்கொருவர் கவிதை எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேரும் 1645இல் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

தேன்கூடு

அதே 1645இல் திரும்பிய இன்னொருவரையும் சொல்லுங்கள் ஐயா. பட்டத்து இளவரசர் சோஹ்யொன் எட்டு வருடம் ஷென்யாங்கில் பிணைக்கைதி. அவர் மனைவி காங் அங்கே நிலம் உழவைத்து, அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட கொரியர்களை மீட்டு அந்த நிலத்தில் வேலை கொடுத்து, விளைச்சலை விற்று, அந்தப் பணத்தில் மேலும் ஆட்களை மீட்டார். ஊர் திரும்பிய இரண்டே மாதத்தில் இளவரசர் செத்துப்போனார். அடுத்த வருடம் மாமனார் இஞ்சோ, மருமகளுக்கு விஷம் கொடுக்க உத்தரவிட்டார். எதிரியிடம் பிழைத்தவள், வீட்டில் பிழைக்கவில்லை.

அடுப்படி

அம்மாடி.

பழையபுத்தகம்

இனி நான் சொல்லப்போவதுதான் கரிசலுக்கு வேண்டியது என்று நினைக்கிறேன். சரணடைவு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. பிடித்துக்கொண்டு போனவர்களில் யாராவது தப்பி அம்னோக் ஆற்றைக் கடந்து வந்தால், ஜோசொன் அவர்களைக் கட்டித் திருப்பி அனுப்பவேண்டும். ஆற்றைக் கடக்கிறவரைக்கும் சிங் ஆட்களுக்குப் பயப்படவேண்டும், கடந்தபிறகு சொந்த நாட்டுக்காரனுக்கு. தப்பி மாட்டியவர்களின் குதிகாலை வெட்டியதும் உண்டு.

அன் சு-வொன் என்று ஒருவன். கங்ஹ்வா விழுந்தபோது அவனுக்கு 13 வயது. பிடித்துப்போய்விட்டார்கள். வளர்ந்து, ஒருமுறை தப்பி, மாட்டி, முகத்தில் பச்சை குத்தப்பட்டான். மறுபடி தப்பி 1664இல் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டான். அப்பா அம்மா இல்லை. தெரிந்தவர் யாரும் இல்லை. பிழைக்க வழி இல்லை. கொஞ்ச நாளில் அவனாகவே ஆற்றைக் கடந்து சிங் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான்! அங்கே மாட்டிக்கொள்ள, 'இவனை இத்தனை நாள் ஏன் ஒளித்துவைத்தாய்' என்று ஜோசொன்மேல் விசாரணை வந்தது.

இன்னொருவன் அன் டான். 38 வருடம் கழித்துத் தப்பி, 1675இல் எல்லை ஊரான உய்ஜுவுக்கு வந்தான். அங்கிருந்த அதிகாரி அவனைக் கட்டி ஒப்படைத்துவிட்டார். ஊரை நினைத்து ஓடிவந்தவனை ஏன் சாகக் கொடுக்கிறீர்கள் என்று கத்திக்கொண்டே போனானாம்.

கரிசல்குருவி

ஒரு வாரம் ஆயிற்று. பழையதைத் தூக்கிப்போடவில்லை, ஆனால் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். முதல் அத்தியாயம் இப்போது ஆற்றங்கரையில், முற்றுகை முடிந்து வெகுகாலம் கழித்து. கோட்டையும் கிழிந்த கடிதமும் நடுவில் வரும். சோய் அப்படியே இருக்கிறார், கர்ஜனை இல்லாமல். இளவரசி காங்குக்கு இரண்டு அத்தியாயம். ஆற்றங்கரைக்காரனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அன் சு-வொன் என்று அப்படியே போட மனம் வரவில்லை. தொடக்கத்தைப் பாருங்கள்.

"கல்லை எறிந்து பார்க்கலாம். சத்தம் கேட்கும். அதனால் அவன் குப்புறப் படுத்துப் பனிக்கட்டியில் காதை வைத்தான். கீழே எங்கேயோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்துத் துணி ஒட்டிக்கொண்டதும் மெதுவாகப் பிய்த்து எடுத்தான். துணிக்கு அடியில் இருந்த எழுத்து குளிரில் மறுபடி வலிப்பது போலிருந்தது.

அக்கரையில் ஒரு விளக்கு. அங்கே போனதும் பேசவேண்டும். மறந்துவிடக்கூடாது என்று உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தான். அம்மா வந்தது. வீடு வந்தது. படகு வந்தது. உப்பு என்பதற்கு அந்த ஊர்ச் சொல் வரவில்லை. முழங்காலில் நகர்ந்தபடியே தேடினான். பாதி ஆற்றில் கூட வரவில்லை.

விளக்கு அசைந்தது. 'யாரது?' என்றது ஒரு குரல்.

அவனுக்குப் புரிந்தது. எழுந்து குரலைப் பார்த்து ஓடினான்."

அடுப்படி

உப்பு. சரி தம்பி, இனி உன்னிடம் உருளைக்கிழங்கு பற்றிப் பேசமாட்டேன்.

சியோல்வாசி

ஒரே ஒரு விஷயம். உறைந்த ஆறு சும்மா இருக்காது. இரவில் குளிர் ஏற ஏற விரிசல் விட்டு முனகும், சில சமயம் வெடி போட்ட மாதிரிக் கேட்கும். ஹான் ஆற்றங்கரையில் கேட்டிருக்கிறேன். ஆகவே அவன் கல் எறியப் பயப்படத் தேவையில்லை, அந்தச் சத்தத்தில் கல் காதில் விழாது. ஆனால் ஒவ்வொரு முனகலுக்கும் அவன் அப்படியே உறைந்து நிற்பான்.

கரிசல்குருவி

மாற்றிவிடுகிறேன். அந்த முனகல் எனக்கு வேண்டும்.

எதிர்க்கட்சி

நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்த விளக்குக்காரனை என்ன செய்யப்போகிறீர்கள்? அவன் உய்ஜு காவல்காரன். இவனை விட்டுவிட்டது தெரிந்தால் அவன் மேலதிகாரி தலை போகும், அவன் தலை அதற்கு முன்னால் போகும். கட்டி ஒப்படைத்தால் வில்லன் என்று எழுதிவிடுவீர்கள். அவனுக்கும் எட்டு, பத்து வயதில் ஒரு அக்காவையோ அண்ணனையோ குதிரைக்காரர்கள் இழுத்துப் போயிருக்கலாம். 'யாரது' என்று கேட்கும்போது அவன் யாரை எதிர்பார்த்தான்?

கரிசல்குருவி

இப்போது மணி ஒன்று. நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும். இரண்டாம் அத்தியாயம் அந்த விளக்கிலிருந்து தொடங்குகிறது.